மங்கராய் மலைக்கிராமத்தில் இடம் கேட்பவருக்கு

இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில் மேற்குப் பகுதி முழுவதும் மங்கராய் மக்களின் ஊர். ஒரே மாவட்டமாக இருந்ததை, 2003இல் மேற்கையும் 2007இல் கிழக்கையும் பிரித்து மூன்றாக்கினார்கள். நிர்வாகம் பிரிந்தாலும் நிலத்தைப் பற்றிய வழக்கங்கள் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேற்குக் கோடியில் லபுவான் பாஜோ துறைமுகம் இருக்கிறது. கொமோடோ உடும்பைப் பார்க்க உலகம் அங்கே வந்து இறங்குகிறது. அரசு அதை முதன்மைச் சுற்றுலாத் தலங்களில் ஒன்றாக அறிவித்து, விமான நிலையத்தை விரிவாக்கி, 2023இல் ஆசியான் உச்சி மாநாட்டையும் அங்கேயே நடத்தியது. கடற்கரை நிலத்தின் விலை எகிறியது. தரகர்கள் இப்போது மலைப்பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ரூத்தெங் நகரைச் சுற்றிய மலைக்கிராமங்களில், தெற்குக் கடலைப் பார்த்த சரிவுகளில், ஊற்றுநீர் பக்கத்திலேயே இருக்கிற காபித் தோட்டங்களில் "மலிவாக இடம் இருக்கிறது" என்று படம் அனுப்புகிறார்கள்.

அப்படிப் படம் வந்து இந்த அத்தியாயத்தைத் திறந்தவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள், தங்குங்கள், பிடித்திருந்தால் குத்தகைக்கு எடுங்கள். வாங்க நினைக்காதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அந்த ஊரில் நிலம் என்பது மனிதர்களோடு பிணைந்தது, மனிதர்களை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் பெயர்த்தெடுக்க முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

போய்ச் சேருவது

பாலியின் தென்பசாரிலிருந்து லபுவான் பாஜோவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் 2024இல் தொடங்கியது. புறப்படும் முன் அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்தத் தடங்களில் அட்டவணை அடிக்கடி மாறும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்திறங்கும்போதோ முன்கூட்டி இணையத்திலோ 5,00,000 ரூபியா கட்டி 30 நாள் விசா பெறலாம். ஒருமுறை இன்னொரு 30 நாளுக்கு நீட்டிக்கலாம். நீட்டிக்க பாலிக்குத் திரும்ப வேண்டியதில்லை, லபுவான் பாஜோவிலேயே குடிவரவு அலுவலகம் உண்டு. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுகளுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

லபுவான் பாஜோவிலிருந்து ரூத்தெங் சுமார் 130 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் இரண்டரை மணி நேரம் போலத் தெரியும். வளைவுகள் அப்படி விடாது, நான்கு மணி நேரம் ஆகும். பலர் சேர்ந்து செல்லும் வாடகை வண்டிக்கு அங்கே 'ட்ராவெல்' என்று பெயர். வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்வார்கள். வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ரூத்தெங் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவில் கம்பளி வேண்டும். வெப்ப நாட்டுக்குப் போகிறோம் என்று மெல்லிய துணியோடு வந்து நடுங்குகிறவர்கள் நிறைய.

ரூத்தெங்குக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு மரப்பலகை இருக்கை போட்ட லாரி போகும். அதை ஓத்தோ கோல் என்பார்கள். மனிதர், அரிசி மூட்டை, கோழி, பன்றிக்குட்டி எல்லாம் ஒன்றாகப் போகும். அதுவும் நின்றுவிடும் இடத்தில் ஓஜெக் என்கிற வாடகை பைக். வாயெ ரெபோ போன்ற ஊருக்கு அதன் பிறகும் நடைதான். தெங்கே என்ற இடத்தோடு சாலை முடிகிறது. கொஞ்ச தூரம் பைக், பிறகு காட்டுப் பாதையில் இரண்டு மூன்று மணி நேர ஏற்றம். அங்கே வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள், ஒரு மூட்டை சிமெண்ட் தோளில் ஏறித்தான் வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதல் நாள்

எந்தக் கிராமத்திலும் இரண்டு தலைமைகள் உண்டு. ஒன்று அரசு சார்ந்தது: கெபாலா தேசா என்ற ஊராட்சித் தலைவர், தேர்தலில் வருபவர். மற்றது வழக்கம் சார்ந்தது: துவா கோலோ என்ற ஊர்ப் பெரியவர். இருவரையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டவர் இரவு தங்கினால் கடவுச்சீட்டு நகலைக் கொடுத்து 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது விதி. உங்களைத் தங்க வைக்கிற வீட்டுக்காரரே இதைச் செய்துவிடுவார். ஆனாலும் நீங்களே நேரில் போய் நிற்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

துவா கோலோவைப் பார்க்கப் போவது ஊரின் பொது வீட்டுக்கு, அதாவது முரசு தொங்கும் பெரிய வீட்டுக்கு. வாயெ ரெபோவில் வந்தவர்கள் எல்லோரும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். பெரியவர் ஒருவர் முன்னோர்களிடம் உங்கள் வரவைச் சொல்லி, பாதுகாப்பு கேட்பார். அது முடியும் வரை படம் எடுக்கக் கூடாது. சிறு காணிக்கை வைப்பது வழக்கம். இதைச் சுற்றுலாக் கட்டணத்தின் ஒரு பகுதி என்று நினைத்து அவசரப்படுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஊரில் நீங்கள் ஆளாகக் கணக்கில் வருவது அந்தச் சில நிமிடங்களில்தான்.

வெற்றிலை பாக்கு நீட்டுவார்கள். தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெல்லாவிட்டாலும் இரு கையால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்களைக் 'க்ராயெங்' என்றும், மூத்த பெண்களை 'எந்தே' என்றும், இளம்பெண்களை 'ஏனு' என்றும், பையன்களை 'நானா' என்றும் அழைக்கலாம். இந்தோனேசிய மொழியில் 'பாபாக்', 'இபு' என்றாலும் போதும். விருந்தாளிக்குக் கோழி அடிப்பது அங்கே பெரிய உபசாரம். சைவம் உண்பவர்கள் கோழி பிடிக்கப் போகும் முன்பே, வந்த உடனேயே, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சமைத்துவிட்ட பிறகு மறுத்தால் மனம் நோகும். முருங்கைக்கீரை, மரவள்ளிக்கீரை, சோளம், சோறு எல்லாம் கிடைக்கும் நாடு. சைவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

நிலம் யாருடையது

ரூத்தெங்குக்கு மேற்கே சஞ்சார் என்ற இடத்தில் சிறு குன்றேறிப் பார்த்தால் சிலந்தி வலை வடிவில் வயல்கள் தெரியும். சுற்றுலாப் பயணிகள் பத்து நிமிடம் நின்று படமெடுத்துப் போகிற இடம் அது. நிலம் தேடுகிறவர் அரை நாளாவது அங்கே நிற்க வேண்டும். ஏனென்றால் உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த வடிவத்தில் இருக்கிறது.

ஊருக்குப் பொதுவான நிலத் தொகுதிக்கு லிங்கோ என்று பெயர். புதிதாக ஒரு லிங்கோவைத் திறக்கும்போது நடுவில் ஒரு மரத்தண்டை நடுவார்கள். அந்த மையத்துக்கு லொதோக் என்று பெயர். அங்கிருந்து வெளிவட்டம் வரை கோடு இழுத்து நிலத்தைத் துண்டு போடுவார்கள். மையத்தில் விரல் அகலம், வெளிவட்டத்தில் வயல் அகலம். யாருக்கு எத்தனை விரல் என்பதைக் குடும்பத்தின் நிலையும் தேவையும் பார்த்து, நிலப் பங்கீட்டுக்கென்றே உள்ள பெரியவர் முடிவு செய்வார். அவர் துவா தெனோ. முரசு வீடு இல்லாமல் லிங்கோ இல்லை, லிங்கோ இல்லாமல் முரசு வீடு இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே கூரை என்று புரிந்துகொள்ளுங்கள்.

காபி, கிராம்புபோல நிரந்தரப் பயிர் வந்த பிறகு துண்டுகள் குடும்பங்களின் கையில் நிலைத்துவிட்டன. பலர் அரசின் பத்திரமும் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் தன் துண்டை வெளியாருக்குக் கொடுக்க நினைத்தால், குலத்தின் கிளைத் தலைவர்கள், துவா தெனோ, துவா கோலோ அறியாமல் கொடுப்பது ஊர்க் கண்ணில் திருட்டுக்குச் சமம். வெளியாள் நிலம் கேட்பதற்கும் அவர்களிடம் முறை உண்டு. கோழியும் கள்ளும் கொண்டுபோய் துவா கோலோ முன் வைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு, கொடுக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வந்தேறிக் குடும்பங்கள் பல ஊர்களிலும் உண்டு. அவர்கள் நிலத்தை அனுபவிப்பார்கள், ஊரின் சடங்குகளில் பங்கெடுப்பார்கள், கொடுத்தவர்களை மறக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து வெளியாளுக்குத் திறந்திருக்கும் நேர்மையான கதவு இதுதான்.

இன்னொன்று. மங்கராயில் வாரிசு ஆண் வழி. மணமாகிப் போகும் மகளை 'வெளியே உள்ளவள்' என்றும், மகனை 'உள்ளே உள்ளவன்' என்றும் வகைப்படுத்துவார்கள். வழக்கப்படி மகளுக்கு நிலப் பங்கு இல்லை. நாட்டின் நீதிமன்றங்களுக்கு மகளும் போகலாம். ஆகவே எந்த ஒப்பந்தத்திலும் அண்ணன் தம்பி கையெழுத்தோடு அக்கா தங்கை கையெழுத்தையும் கேளுங்கள். வீட்டு ஆண்கள் "அவர்களுக்கு இதில் என்ன?" என்பார்கள். விட்டுவிடாதீர்கள். அது உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்களுக்கும் நியாயம்.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் நிலச் சட்டம் தெளிவானது. முழு உரிமை, அதாவது ஹக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். மேடானில் பிறந்து வளர்ந்த இந்தோனேசியக் குடியுரிமைத் தமிழர் வாங்கலாம். சென்னையிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ போகிறவர் வாங்க முடியாது. நேரடியாகவோ சுற்றுவழியிலோ வெளிநாட்டவருக்கு அந்த உரிமையை மாற்றும் எந்தச் செயலும் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது என்று சட்டத்தின் 26ஆம் பிரிவே சொல்கிறது. உள்ளூர்க்காரர் பெயரில் பினாமியாக வாங்கித் தருகிறேன் என்று தரகர் சொல்வது இந்தச் சுற்றுவழியைத்தான். கூடவே கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று எழுதித் தருவார். அந்தக் கட்டுக்கதையை நீதிமன்றம் பிரித்துப் பார்த்தால், வாங்கியவர் கையில் காகிதம் மட்டும் மிஞ்சும்.

வெளிநாட்டவருக்கு உள்ள சட்டபூர்வமான வழிகள் மூன்று. முதலாவது ஹக் பகாய் என்ற பயன்பாட்டு உரிமை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 30 ஆண்டு, 20 ஆண்டு நீட்டிப்பு, பிறகு 30 ஆண்டு புதுப்பிப்பு. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை உண்டு. மலைக்கிராமத்து வீடு அதை எட்டுவது அரிது. இரண்டாவது வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்குவது. நிலமும் கட்டடமும் சேர்க்காமல் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நாலு அறை கட்டி விருந்தினர் வைக்க நினைப்பவருக்கு அது பொருந்தாது. மூன்றாவது குத்தகை. சாதாரண மனிதர் செய்யக்கூடியது அதுதான். இந்தோனேசியரை மணந்தவர்கள் தனி. தம்பதிகள் சொத்தைப் பிரித்து ஒப்பந்தம் செய்யாவிட்டால் துணைவரின் நில உரிமையே சிக்கலாகும். மணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தைச் செய்யலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டரியிடம் போய் முதலில் அதைச் செய்யுங்கள்.

கையெழுத்துக்கு முன்

வரி ரசீதை நீட்டி இதுதான் பட்டா என்பார்கள். அது வரி கட்டியதற்கான சான்று, உரிமைக்குச் சான்று ஆகாது. ஊராட்சித் தலைவர் எழுதித் தந்த கடிதமும் அப்படியே. 'பே பே என்' (BPN) என்ற நிலப் பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'செந்து தானாகு' என்ற அவர்களின் செயலியிலும் பார்க்கலாம். பதிவாகாத நிலமாக இருந்தால் குத்தகைக்கு முன் உரிமையாளர் பெயரில் பதிவு செய்ய வையுங்கள்.

அடுத்து காட்டு எல்லை. மலையின் பெரும்பகுதி ரூத்தெங் இயற்கைப் பூங்காவுக்கும் காப்புக் காட்டுக்கும் உட்பட்டது. ஊரார் தங்கள் லிங்கோ என்பார்கள், அரசு தன் காடு என்கிறது. இது வெறும் காகிதச் சண்டை இல்லை. காட்டு நிலம் என்று சொல்லிக் காபிச் செடிகளை அரசு வெட்டியதால் எழுந்த மோதலில், 2004 மார்ச் 10 அன்று ரூத்தெங்கில் போலீஸ் சுட்டு உழவர்கள் உயிரிழந்தார்கள். வழக்காற்றுக் காடு அரசுக் காடு ஆகாது என்று 2013இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வர உள்ளூர் அரசின் அங்கீகாரம் வேண்டும். நீங்கள் பார்க்கும் இடம் போச்சோ லெயோக் பக்கம் என்றால் உலும்பு புவிவெப்ப மின்திட்டத்தை விரிவாக்குவதற்கு ஊரார் காட்டும் எதிர்ப்பையும் அறிந்துகொண்டு போங்கள். அங்கே இப்போது நிலம் கேட்டு வருகிற எந்த வெளியாளையும் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. கடற்கரை என்றால் உச்ச அலைக்கோட்டிலிருந்து 100 மீட்டருக்குக் கட்டடக் கட்டுப்பாடு உண்டு.

தண்ணீர் பற்றித் தரகர் சொல்வதை நம்பாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஊற்று எப்படி ஓடுகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். குடம் சுமப்பவர்கள் அவர்கள்தான். குழாய் யாருடைய ஊற்றிலிருந்து வருகிறது, அதை உங்கள் இடத்துக்கு இழுக்க எந்த ஊரின் சம்மதம் வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும், 2009ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்கிறது. தமிழிலோ வேறு மொழியிலோ மொழிபெயர்ப்பு கூட இருக்கலாம். நான்கு எல்லையிலும் உள்ள அண்டை வயல்காரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். குத்தகைத் தொகையை 25 ஆண்டுக்கு ஒரேயடியாகக் கொடுக்காமல் ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுக்கு ஒருமுறை கொடுப்பது என்று எழுதுங்கள். ஒரேயடியாக வாங்கிய பணம் ஒரு திருமணத்திலோ ஒரு சாவிலோ தீர்ந்துவிடும். பிறகு இருபது ஆண்டுகள் அந்தக் குடும்பம் தன் நிலத்தில் வேறொருவர் இருப்பதை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பார்வைக்கு எதிரே யாரும் நிம்மதியாக வாழ முடியாது. வாடகை வருமானத்தில் 10 விழுக்காடு வரி உண்டு. அதை யார் கட்டுவது என்பதையும், காலம் முடிந்ததும் நீங்கள் கட்டிய வீடு யாருக்கு என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

அன்றாடம்

மின்சாரம் வந்த ஊர்களில் முன்பணம் கட்டி எண் அழுத்தும் மீட்டர். வராத ஊர்களில் சூரியத் தகடும் மாலை நேர ஜெனரேட்டரும். கைபேசிக்கு டெல்கொம்செல் மற்றவற்றைவிட மேல். வெளிநாட்டில் வாங்கிய கைபேசியில் உள்ளூர் சிம் 90 நாளுக்கு மேல் ஓட வேண்டுமென்றால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். பணத்துக்கு பே எர் இ வங்கி. ரூத்தெங்கிலேயே எடுத்துக்கொண்டு மலையேறுங்கள்.

உடம்புக்கு வந்தால் முதலில் புஸ்கெஸ்மாஸ் என்ற சுகாதார நிலையம், அடுத்து ரூத்தெங்கின் பென் ம்போய் மருத்துவமனை. பெரிய வியாதி என்றால் தென்பசார். ஃபுளோரெஸில் 1997 முதல் நாய்வழி வெறிநோய் இருக்கிறது, ஊரெங்கும் நாய்கள் உண்டு. புறப்படும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

செலவில் பெரும்பகுதி சோற்றுக்கும் வாடகைக்கும் போகாது. உறவுக்குப் போகும். பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்றால் ஊரைக் கூட்டி விருந்து வைத்துப் பணம் திரட்டுவார்கள். 'வுவாத் வாய்' என்பார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்தை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். திருமணம் என்றால் பெண் வீட்டார் கேட்கும் பரிசத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தம் உறவுகளிடம் பங்கு கேட்பார்கள். ஊரில் ஓராண்டு இருந்துவிட்டால் உங்களிடமும் வரும். அது உங்களைச் சுரண்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். மற்ற வீடுகள் எவ்வளவு கொடுக்கின்றன என்று கேட்டு அந்த அளவில் கொடுங்கள். அதைத் தாண்டி அள்ளிக் கொடுத்தால் கொடுக்க முடியாதவர்கள் கூசிப்போவார்கள்.

பிழைப்புக்கு வழி உண்டா

வாயெ ரெபோவைப் பாருங்கள். கூம்பு வடிவ வீடுகள் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் நான்கே மிஞ்சியிருந்தன. ஜகார்த்தாவின் கட்டடக் கலைஞர் யோரி அந்தார் முன்னின்று ஆதரவு திரட்ட, ஊர்க்காரர்களே தங்கள் கையால் எழுப்ப, மீண்டும் ஏழு நின்றன. 2012இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதில் உயர்ந்த பரிசு கிடைத்தது. ஐந்து தளம் கொண்ட வீடு அது. கீழே மனிதர், மேலே உணவு, அதன்மேல் விதை, அதற்கும் மேல் பஞ்ச காலத்துக்கான சேமிப்பு, உச்சியில் முன்னோருக்கான படையல். விருந்தினர் தங்குவதற்கு ஒரு வீட்டை ஒதுக்கினார்கள். சமையல், வழிகாட்டல், காபி விற்பனை எல்லாம் ஊர்க்காரர் கையில். நிலத்தில் ஒரு சாண் விற்காமல் உலகத்தை ஊருக்குள் வரவழைத்திருக்கிறார்கள். குறையும் உண்டு. பள்ளிக்கூடம் கீழே கொம்போவில் இருப்பதால் பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள், குடும்பங்கள் இரண்டு ஊராக வாழ்கின்றன.

வெளியாள் இதில் சேர விரும்பினால் இடம் இருக்கிறது, உரிமையாளராக அல்ல. சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு விடுதி வேலை பார்ப்பது, சம்பளம் வாங்காமல் உதவுவதுகூட, குடிவரவுச் சட்டத்தில் சிக்கும். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் தங்குமிடத்துக்கு ஆட்களை அனுப்பலாம். காபியை நல்ல விலைக்கு வாங்குகிறவரைத் தேடித் தரலாம். லியாங் புவா குகை ரூத்தெங்கிலிருந்து பக்கம்தான், குள்ள மனித இனத்தின் எலும்புகள் 2003இல் கிடைத்த இடம். அதையும் சஞ்சார் வயலையும் ரானமேசே ஏரியையும் வாயெ ரெபோவையும் இணைத்து நாலைந்து நாள் பயணம் அமைத்தால், வழியெல்லாம் உள்ள வீடுகளுக்கு வருமானம் போகும்.

மனம் அங்கேயே தங்கிவிட்டது என்பவர்கள் இரண்டு பருவத்திலும் போய் இருந்து பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிந்திருக்கும், எல்லா ஊரும் அழகு. டிசம்பர், ஜனவரியில் மழை கொட்டும், மண் சரிந்து சாலை அடைபடும், துணி வாரக்கணக்கில் காயாது. அந்த மழையில் ஒரு மாதம் வாடகை வீட்டில் இருங்கள். அதன் பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால், உங்களைத் தங்க வைத்த வீட்டுக்காரரை முன்னிட்டுக்கொண்டு துவா கோலோவிடம் போய்க் குத்தகைப் பேச்சைத் தொடங்கலாம். தரகரை அழைத்துப் போக வேண்டாம்.